பஸ்ஸரும் சிவப்பு ரிப்பனும்: குமரி மலையடியில் நான்கு நாள்

கிளம்புவதற்கு முந்தின இரவு, நாகர்கோவில்

நாளைக் காலை கிளம்புகிறோம். அப்பா, நான், மனைவி, பத்து வயது மகள். மலையடியில் இரண்டு இரவு, கடற்கரைப் பக்கம் ஒரு இரவு. அன்றன்று நடந்ததை அன்றன்று இரவே எழுதிப் போட நினைத்திருக்கிறேன். இந்த முறை அருவி, அணை, சாப்பாட்டைவிட வண்டி போடும் சத்தங்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். மண் பாதையில் வண்டியைக் கொண்டுபோய்த் தங்குகிற பலருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். எங்களுக்கு அது போன மார்ச்சில் ஒரே இரவில் மொத்தமாக வந்து சேர்ந்தது.

தடிக்காரன்கோணத்துக்கு மேலே தெரிந்த அண்ணன் ஒருவருக்கு ரப்பர் விளை இருக்கிறது. விளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டம். அங்கே தங்கியிருந்தோம். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்து மனைவியும் மகளும் வண்டிக்குள் படுத்தார்கள். நானும் அப்பாவும் வெளியே கூடாரத்தில். காற்று வரட்டும் என்று ஜன்னல்களை விரல் அளவுக்கு இறக்கிவிட்டு, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வெளியே நின்று ரிமோட்டில் பூட்டினேன். இரவு இரண்டு மணிக்கு மகள் ஒன்றுக்குப் போக எழுந்து உள்ளிருந்து கதவைத் திறந்தாள். உடனே திருட்டு அலாரம் ஹாரனோடு சேர்ந்து அலற ஆரம்பித்துவிட்டது. ரிமோட்டில் பூட்டிய வண்டியை யாராவது உள்ளிருந்து திறந்தால், கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறக்கிறான் என்றுதான் வண்டி நினைக்கும். கூடார இருட்டில் சாவியைத் தேடி எடுப்பதற்குள் கீழே தொழிலாளர் வீடுகளில் வரிசையாக விளக்கு எரிந்தது. யானை இறங்கிவிட்டது என்று நினைத்து ஒரு வயதான அம்மா பாத்திரத்தைத் தட்டத் தொடங்கினார். மகள் பயந்துபோய் அழுதாள். மறுநாள் காலை நான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதிகாலை நான்கு மணிக்கு ரப்பர் பால் வெட்ட எழுந்திருக்க வேண்டியவர்களின் தூக்கம் அது.

அன்றிலிருந்தே இந்தச் சத்தங்களை ஒழுங்குபடுத்தாமல் இனிக் காட்டுப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இன்று சாயங்காலம் வண்டியின் கையேட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்தேன்.

அப்பாவிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் கோதையாறு மின் நிலையத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் ஷிப்ட் பார்த்தவர். கட்டுப்பாட்டு அறையில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு பலகை இருக்குமாம். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு விளக்கு. எங்காவது எண்ணெய் அழுத்தம் குறைந்தால், பேரிங் சூடேறினால், அதற்குரிய கட்டம் சிமிட்டும், பஸ்ஸர் அடிக்கும். ஆபரேட்டர் வந்து ஒரு பொத்தானை அழுத்தினால் பஸ்ஸர் நின்றுவிடும். விளக்கு மட்டும் சிமிட்டலை விட்டு நிலையாக எரிந்துகொண்டிருக்கும். கோளாறைச் சரிசெய்து ரீசெட் கொடுத்தால்தான் அது அணையும்.

“சத்தம் ஆளைக் கூப்பிடத்தான் மக்கா. ஆள் வந்தாச்சுன்னா சத்தத்தை அமத்தலாம். வெளக்கை அணைக்கப்பிடாது. அடுத்த ஷிப்ட்காரன் வந்து பாக்கணும்லா.”

இதை வைத்துத்தான் இந்த நான்கு நாளும் வண்டியை ஓட்டப்போகிறோம். மகளின் பழைய நோட்டில் வண்டி போடும் சத்தங்களை ஒவ்வொன்றாக எழுதினோம். எண்ணினால் பன்னிரண்டு வந்தது. பூட்டும்போது வரும் சின்ன ஹாரன், பின்னால் எடுக்கும்போது வரும் பார்க்கிங் சென்சார் பீப், பொதுவான மணியோசையின் அளவு, இந்த மூன்றையும் திரையில் உள்ள செட்டிங்கிலேயே மாற்றலாம். பூட்டும்போது ஹாரன் வேண்டாம், இண்டிகேட்டர் மட்டும் ஒருமுறை மின்னட்டும் என்று அப்போதே வைத்துவிட்டேன். கதவு திறந்திருக்கிறது, சாவி வண்டியைவிட்டு வெளியே போகிறது, ஹெட்லைட் எரிகிறது போன்ற நான்கை மாற்ற வழியில்லை. நாம்தான் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மீதியுள்ள சீட் பெல்ட், வேகம், ஹேண்ட் பிரேக், எண்ணெய் அழுத்தம், இன்ஜின் சூடு இவற்றின் பக்கத்தில் அப்பா ஒரு கோடு இழுத்து “தொடாதே” என்று எழுதினார்.

பக்கத்து வீட்டுத் தம்பி நல்ல எண்ணத்தோடு ஒரு கிளிப் கொண்டுவந்து கொடுத்தான். பெல்ட் மாட்டும் இடத்தில் அதைச் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாக வண்டி நம்பிவிடும், பீப் வராது. காட்டுக்குள் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு எதற்கு பெல்ட் என்பது அவன் கேள்வி. நான் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு இந்தக் கிளிப்பை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அத்தனை பேர் விற்கிறார்கள் என்றால் எத்தனை வண்டியில் மாட்டியிருக்கும்! காட்டுப் பாதையில்தான் பெல்ட் அதிகம் வேண்டும். வண்டி ஒரு பக்கம் சாயும்போது உடம்பைச் சீட்டோடு பிடித்து வைப்பது அதுதான். இல்லையென்றால் தலை போய்க் கதவுத் தூணில் இடிக்கும். ஸ்டியரிங்கையே பிடிமானமாகப் பிடித்துத் தொங்குவோம், வண்டி போகிற பக்கம் போகும். கிளிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள், தடிக்காரன்கோணம்

பூதப்பாண்டி, திட்டுவிளை, தெரிசனங்கோப்பு வழியாக வந்தோம். தெரிசனங்கோப்பு தாண்டினால் மலை பக்கத்தில் வந்து நின்றுவிடும். பொங்கல் முடிந்து ஒரு வாரம். வயலில் பச்சை, மலையில் பனி, ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம்.

கீரிப்பாறைக்கும் காளிகேசத்துக்கும் பகலில் போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினோம். அங்கே தங்குவது கிடையாது. அந்த மலைக்காடு 2008இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே கூடாரம் போடக் கூடாது. போடவும் வேண்டாம், அது யானையும் காட்டெருமையும் நடக்கிற இடம். அதனால் இந்த முறையும் அதே அண்ணன் விளைக்குத்தான். கேட்டபோது ஒரு சொல் கூட மறுத்துப் பேசாமல் “வாங்க தம்பி” என்றார். அந்தப் பெருந்தன்மைக்காகவே இன்றிரவு ஒரு சின்னச் சத்தமும் வரக் கூடாது என்று இருந்தேன்.

விளைக்கு ஏறும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதையில் முதல் பீப் வந்தது. எல்லாரும் பெல்ட் போட்டிருக்கிறோம், ஆனால் பெல்ட் சத்தம் நிற்கவில்லை. அப்பா அரிசிப் பையையும் தண்ணீர்க் கேனையும் பின் சீட்டின் நடுவில் வைத்திருந்தார். சீட்டுக்கு அடியில் இருக்கும் சென்சாருக்கு எடை தெரியும், ஆள் தெரியாது. பையைத் தூக்கிக் கீழே கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கயிறு போட்டதும் சத்தம் நின்றது. அது சொன்னதும் சரிதானே. கட்டாமல் சீட்டில் வைத்த இருபது லிட்டர் கேன், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால், பிள்ளையின் மடியில்தான் வந்து விழும்.

இரண்டாவது பீப்புக்குக் காரணம் அப்பா. பாறையில் சக்கரம் எப்படி ஏறுகிறது என்று பார்க்க அவர் இறங்கும்போதெல்லாம் வண்டி கத்தியது. சாவி அவர் சட்டைப் பையில். இன்ஜின் ஓடும்போது சாவி வெளியே போனால் வண்டி சும்மா இருக்குமா? சாவியைக் கியர் பக்கத்துக் குழியில் வைத்தோம். அத்தோடு அதுவும் முடிந்தது.

சாயங்காலம் வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, பின் கதவைத் தூக்கி, சமையல் சாமான்களை இறக்கினோம். இங்கேதான் பெரிய தொல்லை. பின் கதவு மேலே தூக்கியே இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்குக் கூரை, அதுதான் அடுக்களை. ஆனால் கதவு திறந்திருக்கும்வரை உள்விளக்கு எரியும். பாட்டுக்கோ போன் சார்ஜுக்கோ சுவிட்சைப் போட்டால் மணி அடிக்கும். போன மார்ச்சில் அலாரம் அடித்தது போக, அந்த விளக்கு எரிந்து எரிந்தே காலையில் பேட்டரி இறங்கிப்போய், தோட்டத்து ஜீப்பிலிருந்து வயர் கொடுத்துத்தான் ஸ்டார்ட் செய்தோம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வண்டி எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். பின் கதவின் விளிம்பில் பூட்டு இருக்கிறது. அதன் வாயில் ஆங்கில எழுத்து ‘யு’ போல ஒரு இரும்புக் கொக்கி. கதவை மூடும்போது வண்டிச் சட்டத்தில் உள்ள கம்பியை அந்தக் கொக்கி சுழன்று கவ்விக்கொள்ளும். கொக்கி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று வண்டிக்குத் தெரிகிறது. கதவு தூக்கியிருக்கும்போதே ஸ்குரூடிரைவரின் தண்டால் கொக்கியை மெதுவாகத் தள்ளினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அது பாதிப் பூட்டு. இன்னும் தள்ளினால் இரண்டாவது ‘டக்’. உள்விளக்கு அணைந்தது, மணி நின்றது. திரையில் கதவுப் படமும் மறைந்தது. வண்டியைப் பொறுத்தவரை கதவு மூடியாயிற்று.

எனக்கு அவ்வளவு நிம்மதி. அப்பாவுக்கு இல்லை. முன் சீட்டில் போய் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். “இது சரியில்ல. சத்தத்தோட வெளக்கையும் அணைச்சிட்டியே. காலையில நீ மறந்து வண்டிய எடுத்தா யாரு சொல்லுவா?”

உண்மைதான். மறந்து ஓட்டினால் மேலே தூக்கிய கதவோடு வண்டி நகரும். மறந்து ஓங்கி மூடினால் மூடிய கொக்கி போய்க் கம்பியில் மோதிப் பூட்டு நெளிந்துவிடும். என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மின் நிலையத்தில் ஒரு கருவியில் வேலை நடக்கும்போது அதன் சுவிட்சில் “ஆட்கள் வேலை செய்கிறார்கள்” என்று ஒரு பலகையைத் தொங்கவிடுவார்களாம். தொங்கவிட்டவர் வந்துதான் அதை எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. அப்பா இதைச் சொல்லி முடிப்பதற்குள் மகள் தன் தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து ஸ்டியரிங்கில் கட்டிவிட்டாள். இன்னொன்றைப் பின் கதவின் கைப்பிடியில் கட்டினோம். இதை அவளே கட்டியதால் அவளே அவிழ்க்க வேண்டும் என்பது தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து போட்ட சட்டம்.

இதைச் செய்து பார்ப்பவர்கள் முதலில் வீட்டு வாசலில் ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். கைப்பிடியை இழுத்தாலே கொக்கி விடுபடும் வண்டி உண்டு. மின்சாரத்தில் திறக்கிற வண்டியில் பொத்தானை அழுத்த வேண்டும், பேட்டரி இறங்கினால் கொக்கி அப்படியே நின்றுவிடும்.

இரவுச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் சாளைக் கறியும். படுக்கும்போது மனைவி உள்ளேயிருந்து கதவுப் பொத்தானை அழுத்திப் பூட்டினாள். உள்ளிருந்து பூட்டினால் திருட்டு அலாரம் விழித்திருக்காது. மகள் இரவில் ஒருமுறை இறங்கி ஏறினாள். ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாம் நாள், கடையாலுமூடு பக்கம்

விடியற்காலை நாலரைக்கு மகள் என்னைத் தட்டி எழுப்பினாள். காய்ந்த ரப்பர் இலை மேல் யாரோ நடக்கும் சத்தம். கீழே சரிவில் நெற்றி விளக்குகள் மரத்துக்கு மரம் நின்று நகர்ந்தன. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், அதனால் இந்த நேரத்திலேயே வெட்டு. பட்டையில் கத்தி இழுபடும் ‘சர்’ என்ற சத்தம் கூட மேலே கேட்டது. அந்த அமைதிக்குள் திடீரென்று, மூங்கில் பக்கமிருந்து கரகரவென்று ஒரு குரல் ஏறி இறங்கியது. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். தவளைவாயன். காய்ந்த இலை போலவே கிளையில் உட்கார்ந்திருக்கும் இரவுப் பறவை. பகலில் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதைக் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து இறங்கித்தான் கேட்டாள், வண்டி வாயைத் திறக்கவில்லை. இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் என்றாலும் எனக்குச் சம்மதம்.

ஏழு மணிக்குக் கிளம்பும்போது அவளே கொக்கியை விடுவித்துக் கதவை மூடவைத்து, இரண்டு ரிப்பனையும் அவிழ்த்தாள்.

சுருளோடு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை. 1897இல் தொடங்கி 1906இல் முடித்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. முழுக் கொள்ளளவு 48 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது கோதையாற்றுக் கரையிலும் குழித்துறையிலும் இருப்பவர்கள் அந்த எண்ணைத்தான் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கரையில் நின்று அப்பா மலைப் பக்கம் கையைக் காட்டினார். கோதையாறு அங்கே. அந்தப் பாதையில் வேலைக்குப் போய்வந்த பேருந்தைப் பற்றி மகளிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

கடையாலுமூட்டுக்கு மேலே சொந்தக்காரர் ஒருவரின் விளை. மேலே ஏறும் பாதையில் ஒரு வளைவு. ஒரே மூச்சில் திரும்ப முடியாது, பாதி ஏறி, பின்னால் எடுத்து, மறுபடி ஏற வேண்டும். நான்கு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ கியரில் போட்டுவிட்டு, மனைவி இறங்கிப் பின்னால் இடது பக்கம் நின்றாள். அப்பா முன் சீட்டில். ரிவர்ஸ் போட்டதுமே சென்சார் கத்த ஆரம்பித்தது. ரப்பருக்கு ஊடே தரையில் படரவிட்ட கொடி, வரப்பிலிருந்து தொங்கி பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. சென்சாருக்குக் கொடியும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். விடாமல் ஒரே ‘பீ’. கொடிதானே என்று தெரிந்ததால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மெல்ல இறக்கினேன்.

பின் இடது சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் வெட்டிய ஓடை இருந்தது. ஆள் உயரப் பள்ளம். அதைப் பற்றி சென்சார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எதிரே ஏதாவது இருந்தால் அதில் பட்டுத் திரும்பி வரும் ஒலியை வைத்துத்தான் அது கணக்குப் போடும். பள்ளத்தில் பட்டுத் திரும்ப என்ன இருக்கிறது? மனைவி “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தியிருக்கிறாள். பீப் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சட்டென்று அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். “மருமவ கூப்பிடுறா, நில்லு!”

இறங்கிப் பார்த்தேன். சக்கரத்தின் பாதி அகலம் விளிம்புக்கு வெளியே நின்றது. அடியிலிருந்து செம்மண் உதிர்ந்துகொண்டிருந்தது. கை நடுங்கியது. பிள்ளையை இறக்கினோம். முன்னால் எடுத்து, மட்டமான இடத்தில் நிறுத்தி, எல்லாரும் தண்ணீர் குடித்தோம். அப்புறம்தான் கேட்டேன். “அந்தப் பீப்புக்குள்ள உங்களுக்கு மட்டும் எப்படிப்பா அவ குரல் கேட்டுது?”

“எந்தப் பீப்பு?” என்றார்.

அவருக்கு அந்தச் சத்தமே கேட்கவில்லை. முப்பது ஆண்டு டர்பைன் இரைச்சலில் நின்றவர். அப்படி இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற மேல் ஸ்தாயிச் சத்தம், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ளது. பேச்சுக் குரலின் அடித்தொனி பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும். டிவியை அவர் சத்தமாக வைப்பதை வயசு என்று விட்டிருந்தோம். வண்டியின் பாதி எச்சரிக்கைகள் அவர் காதுக்குள் போவதே இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் அவர் கோயிலுக்கும் கடைக்கும் இதே வண்டியைத்தான் ஓட்டிப் போய்வந்தார்.

வளைவை மறுபடி எடுக்கும்போது சென்சாரை செட்டிங்கில் முழுவதும் நிறுத்தினேன். ஜன்னல்களை இறக்கினேன். பாட்டு, ஏசி, பேச்சு எல்லாம் நிறுத்தம். மனைவி டிரைவர் பக்கக் கண்ணாடியில் முகம் தெரிகிற இடத்தில் நின்றாள். ஒரு கை மேலே என்றால் வா, இரண்டு கையும் குறுக்கே என்றால் நில். அவள் முகம் கண்ணாடியில் தெரியவில்லை என்றாலும் நில். இனி எங்கே போனாலும் இப்படித்தான்.

நிறுத்திவைத்ததற்கு அடையாளமாகக் கியர் தண்டில் ஒரு ரிப்பன் கட்டியிருக்கிறது. தார்ச் சாலை வந்ததும் அவிழ்த்துவிட்டு சென்சாரைப் போட வேண்டும்.

மூன்றாம் நாள், தேங்காப்பட்டணம்

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அரை மணி நேரம். 1966இல் கட்டியது, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வாய்க்கால் போகிறது. மகள் மேலே நடந்தாள், எனக்கு நேற்றைய பள்ளத்தின் ஞாபகம் போகவில்லை.

மார்த்தாண்டத்தில் நிறுத்தியிருந்தபோது ஒரு சோதனை செய்தோம். அப்பாவை டிரைவர் சீட்டில் கண்ணை மூடி உட்காரவைத்து, ஒவ்வொரு சத்தமாக வரவைத்தோம். கதவு மணி ‘டிங் டிங்’ என்று தாழ்ந்த தொனி, அது கேட்டது. பெல்ட் மணி ஒலி அளவை அதிகபட்சம் வைத்தபோது கேட்டது. பார்க்கிங் பீப் எந்த அளவிலும் கேட்கவில்லை. எங்களுக்குக் குறைவாக வேண்டும், அவருக்கு அதிகமாக வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தங்கும் இடத்தில் மட்டும் குறைவு, சாலையில் எப்போதும் அதிகம் என்று வைத்துவிட்டேன். எங்கள் காது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி (நெல்லையில் ஓடுவது வேறு ஆறு) கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் இன்று தங்கல். தோப்புக்குள் போகும் பாதை சொரசொரவென்று மணல். சக்கரம் புதையாமல் இருக்கக் காற்றை 33 பிஎஸ்ஐயிலிருந்து 20க்கு இறக்கினேன். நகர்ந்ததும் டயர் எச்சரிக்கை ஒரே ஒரு தடவை மணி அடித்து நின்றது, மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. “இத செஞ்சவன் பவர் ஹவுஸ்ல வேல பாத்திருக்கணும்” என்றார். இந்தச் சத்தத்தை நிறுத்த வழி தேடவே வேண்டாம். நாளைக்குக் காற்று நிரப்பிக் கொஞ்ச தூரம் ஓடினால் தானே அணையும்.

சாயா குடிக்கப் போன கடையில், வலை வேலை செய்யும் பெரியவர் ஒருவர் எங்கள் ரிப்பன் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒக்கிப் புயலைப் பற்றிப் பேசினார். 2017 நவம்பர் 30. கரையில் இருந்தவனுக்குச் செய்தி வந்தது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டவனுக்கு எட்டவே இல்லை என்றார். படகில் இருக்கும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் பேசாது. இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் அன்றைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவர் சொல்லும்போது கை வேலையை நிறுத்தவில்லை. நாங்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காம் நாள், வீடு

விடியற்காலையில் கடல் இரைச்சல் அதிகம். சின்ன பம்பில் நான்கு டயருக்கும் காற்று நிரப்ப முக்கால் மணி நேரம் ஆனது. சாலைக்கு வந்து சில கிலோமீட்டரில் மஞ்சள் விளக்கு அணைந்தது. மகள் கியர் தண்டின் ரிப்பனை அவிழ்த்தாள், நான் சென்சாரைப் போட்டேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பூட்டும் ஹாரனை மட்டும் திரும்பப் போடவில்லை. ஊரிலும் அது யாருக்கும் தேவையில்லை, இண்டிகேட்டர் மின்னுவது போதும்.

வேக மணி மட்டும் சோதிக்காமல் மிச்சமிருந்தது. 2019 ஜூலையிலிருந்து வரும் கார்களில் 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் அவ்வப்போது பீப், 120 தாண்டினால் விடாமல் பீப் அடிக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி வழியாக வரும் சாலை எங்கும் ஊரும் வளைவுமாக இருந்தது. 80ஐத் தொட இடமே இல்லை, தொடவும் மனமில்லை. அதைச் சோதிக்காமலே விட்டோம்.

முட்டத்தில் நிறுத்தி நுங்குச் சர்பத் குடித்தோம். கிளம்பும்போது அப்பா “நான் எடுக்கட்டா?” என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் காது மருத்துவரிடம் போவது என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தோம், அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பார்க்கிங் பீப்புக்குப் பதில் நான் சொல்வது என்று ஏற்பாடு.

அப்பா பெல்ட்டைப் போட்டார். பிரேக்கை மிதிக்காமல் சுவிட்சை மட்டும் போட்டார். இன்ஜின் ஓடாமல் டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக எரிந்தன. அவை எரிகின்றனவா என்று காட்டத்தான் வண்டி அந்தச் சில நொடி அப்படிச் செய்கிறது. ஷிப்ட் ஏறியதும் முதல் வேலையாக லேம்ப் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பலகை முழுவதும் எரிகிறதா என்று பார்ப்பார்களாம். ஆள்காட்டி விரலை ஒவ்வொரு விளக்காக நகர்த்தி எண்ணினார். பின் சீட்டிலிருந்து மகளும் சேர்ந்து எண்ணினாள்.

“எல்லாம் எரியுது” என்றார் அப்பா. பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தார்.